ரெண்டு பக்கமும் ஓடுற படம்

சுத்தக் கூடாது. இன்னைக்கு மட்டும் சுத்தவே கூடாது. ஊர்ல எவன் வீட்டு டிவியில என்ன சுத்தினாலும் சரி, கீழ முன்னறையில என் மக கையில இருக்கிற போன்ல அந்த வெள்ளை வட்டம் வந்து நின்னுக்கிட்டு சுத்தக் கூடாது. நெட் வச்சுப் பொழைக்கிறவ வீட்டுலயே நெட் நின்னுபோச்சுன்னா அதைவிடக் கேவலம் உண்டா. மாடியறையில இந்த மெஷினுங்க முன்னாடி உக்காந்திருக்கேன். ஏசி ஓடுது, ஆனா முதுகு நனைஞ்சுபோயிருக்கு. பயம்தான், வேற என்ன. பச்சை லைட்டெல்லாம் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு இருக்கு. அது ஒவ்வொண்ணும் ஒரு தெரு. மேல ஓரத்துல இருக்கிறது பார்க் ரோடு, அதுக்குக் கீழ புதுக்கிராமம், அந்தக் கடைசி லைட்டு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். கோவில்பட்டியில பாதிப்பேரு வீட்டுக்குள்ள என் கம்பிதான் போகுது. கேபிள் டிவிக் காலத்துல இருந்தே அப்படித்தான். இவுக, எங்க வீட்டுக்காரவுக, போஸ்ட் மரத்துல ஏறுவாக, நான் கீழ நின்னு வயரு குடுப்பேன். அப்புறம் ஃபைபர் வந்துச்சு, நெட் வந்துச்சு. இவுக இன்னமும் மரத்துல ஏறிக்கிட்டுதான் இருக்காக. நான்தான் மாடிக்கு ஏறிட்டேன். கேபிள் அக்கான்னு கூப்பிட்டவனெல்லாம் இப்ப நெட்டு அக்காங்கிறான். வெயிலாட்சின்னு ஒரு பேரு இருக்கிறது ஓட்டுப் போடும்போதுதான் எனக்கே ஞாபகம் வருது. சரி, பேரு கிடக்கட்டும். திரையைப் பாரு. ஊர் மொத்தத்துக்கும் வர்ற பெரிய லைன் இப்பவே முக்கால்வாசிக்கு மேல ஏறிடுச்சு. இன்னைக்கு ஃபைனல் மேட்ச். ஒரு பய வீட்டை விட்டு வெளிய இல்ல. எல்லாப் பயலும் டிவியில ஒண்ணு, போன்ல ஒண்ணுன்னு போட்டு வச்சுருக்கான். இந்த நேரத்துக்குத்தானா கோயமுத்தூர்ல இருந்து அந்தப் பையன் பேசணும்.

அவனைச் சொல்லி என்ன. பாவம், அவனுக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. பேரு கதிரேசன். பம்பு செட் கம்பெனியில மெஷின் ஓட்டுறான். காது கேக்காது, பேச்சும் வராது, என் மக மாதிரியே. இவளுக்கு நாங்க பேரு வச்சது சுபாஷிணின்னு. இனிமையாப் பேசுறவன்னு அர்த்தமாம், ஐயர் சொன்னாரு. வச்சப்ப எங்களுக்கு என்ன தெரியும். அலமாரித் தட்டு சரிஞ்சு டம்ளரெல்லாம் கடகடன்னு விழுந்த அன்னைக்குத்தான் தெரிஞ்சது. தெருவுல போறவுககூட நின்னு பாத்தாக. அவ திரும்பவே இல்ல, முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து சீனியை நக்கிக்கிட்டு இருந்தா. அந்த முதுகு இன்னமும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா பேரு பொய்யில்லை. அவளும் அவ கூட்டாளிகளும் கையை ஆட்டிப் பேசுறதைப் பாக்கணும், அப்படி ஒரு வாயாடி. சிவகாசி பிரஸ்ஸுக்கு லேபிள் டிசைன் பண்ணிக் குடுக்கிறா, முதலாளியையே கையால நாலு திட்டுத் திட்டிட்டு வருவா. அந்தாளு, இவ என்னவோ வணக்கம் சொல்லுதான்னு நினைச்சுக்கிட்டு சிரிப்பாரு. அவ கூட்டாளி ஒருத்தி மூலமா வந்த சம்பந்தம் இது. ரெண்டு பேரும் முதல்ல தாங்களாப் பேசிக்கிடட்டும், பிடிச்சா நாங்க வந்து பொண்ணு பாக்கோம்னு பையனோட அம்மா சொன்னாக. நல்ல பேச்சுத்தான். பேசட்டும். எதுல பேசுவாங்க? போன்ல, படத்துல. கையைப் பாத்துத்தான பேச முடியும். அந்தப் படம் எதுல போகும்? என் லைன்ல.

போன ஞாயித்துக்கிழமைதான் எல்லாம் கெட்டுச்சு. நம்ம ஊர் ஸ்டேஷன்ல கூட்ஸ் வண்டியை ஓரங்கட்டி நிப்பாட்டிட்டு எக்ஸ்பிரஸை முதல்ல விடுவான்ல, அந்த மாதிரிதான் நானும் என் லைன்ல பிரிச்சு வச்சிருந்தேன். போன் பேச்சு எக்ஸ்பிரஸ். அது நிக்கவே கூடாது, பேச்சு விட்டு விட்டு வந்தா மனுசனுக்குப் பொறுக்காது. படமெல்லாம் கூட்ஸு. சினிமா, சீரியல், மேட்ச்சு, எல்லாம் பின்னாடி நின்னு மெதுவா வரட்டும். பேச்சு முந்தி, படம் பிந்தி. அதுல எனக்கு அம்புட்டுப் பெருமை. கூட்டம் போட்டா மத்த ஊர் கேபிள்காரங்ககிட்டயெல்லாம் சொல்லி அலட்டுவேன். அன்னைக்கும் சாயங்காலம் ஊரே படம் பாத்துக்கிட்டு இருந்தது. லைன் நெருக்கடி. நான் கதவுக்குப் பின்னாடி நிக்கேன். சுபா மல்லியப்பூ வச்சு, அந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டி, போனைத் தண்ணிக் குடத்துல சாய்ச்சு வச்சு, ரெண்டு கையையும் தூக்குறா. ரெண்டு வார்த்தை பேசியிருப்பா. படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுபோச்சு. போன் என்ன பண்ணுச்சு தெரியுமா? லைன் சரியில்லைன்னு படத்தை நிப்பாட்டிட்டு சத்தத்தை மட்டும் அனுப்புது. அம்புட்டு அறிவு அதுக்கு. சத்தம்னா சத்தம், அப்படி ஒரு தெளிவு. கோயமுத்தூர்ல அவங்க அடுப்பங்கரையில குக்கர் விசிலடிச்சது எனக்குக் கேக்குது. அங்க ஃபேன் கடமுடங்கிறது கேக்குது. கேக்க வேண்டிய ரெண்டு பேருக்கும் என்ன கேக்கும். கறுப்புத் திரையைப் பாத்துக்கிட்டு ஆளுக்கொரு ஊர்ல உக்காந்திருக்காங்க. என் எக்ஸ்பிரஸ் காலி வண்டியா சோக்காப் போய்க்கிட்டு இருந்தது. சுபா எந்திரிச்சு வந்து போனை என் கையில வச்சா. உன் லைன் நல்லா இருக்கும்மான்னு கையைக் காட்டிட்டு, பூவை எடுத்து சாமி படத்துக்குப் போட்டுட்டுப் போயிட்டா. என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

மறுநாள் பையனோட அம்மா போன் பண்ணுனாக. ஏனுங்க, பாப்பா பாதியில எந்திருச்சுப் போயிருச்சாக்கும்னு நெனச்சுப்போட்டமுங்க, பையன் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காந்துக்கிட்டானுங்கன்னாக. இல்லைங்க, லைன் கோளாறுங்கன்னேன். சொல்லும்போதே நாக்கு சுட்டுச்சு. இன்னொரு எடமும் கேட்டுட்டு இருக்காங்க, வர்ற ஞாயித்துக்கெழம ஒருக்காப் பேசிப் பாக்கட்டுங்க, ஒத்து வந்தாச் சரி, இல்லாட்டி உட்டுப்போடலாமுங்கன்னாக. கோவத்துல சொல்லலை, மரியாதையாத்தான் சொன்னாக. அதுதான் பயம். மரியாதையா விலகுறவுகளைத் திரும்பக் கூப்பிட முடியாது. சுபாவுக்கு அவனைப் பிடிச்சிருக்கு. அவ சொல்லலை. ஆனா அவனுக்கு ஒரு பேர் வச்சிருக்கா, புருவத்துல விரலால ஒரு கோடு. அவன் புருவத்துல தழும்பு இருக்காம். காது கேக்காதவுக தங்களுக்குள்ள ஒருத்தருக்கு அப்படிப் பேர் வச்சிட்டா அவுக உள்ள வந்துட்டாகன்னு அர்த்தம். எனக்கு வச்சிருக்கிற பேரு பிளக்கைப் பிடுங்கிச் சொருகுற மாதிரி. இவுகளுக்கு மீசை. இந்த வாரம் முழுக்க அவ சும்மா உக்காந்திருக்கும்போதெல்லாம் விரல் புருவத்துக்குப் போய்ப் போய் வந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா.

போன் அடிக்குது. இவுகதான். எட்டயபுரம் ரோட்டு பாக்ஸ் கிட்டப் போயி நிக்காக, எவனாவது லாரியைக் கொண்டாந்து கம்பியை இழுத்துட்டா என்ன பண்ணன்னு காலையில இருந்தே ஒரே புலம்பல். ஏ வெயிலு, பையன் கூப்பிட்டுட்டானாங்காக. கூப்பிடப் போறான், நீங்க கம்பியைப் பாருங்கன்னேன். நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு, ஊர் மொத்தத்துக்கும் ஸ்பீடைப் பாதியாக் கொறைச்சிரு, பிள்ளை பேசி முடிக்கிறவரைக்கும்தான, எவனுக்குத் தெரியப்போகுதுங்காக. எனக்குத் தெரியும்ல. மந்திரமா மாயமா, ஒரு பட்டனைத் தட்டினா நடந்துரும், அது எனக்குத் தெரியாமலா இருக்கு. வார்டு மெம்பர் வந்து என் வீட்டுக்கு மட்டும் தனியா ஸ்பீடு வையுங்கன்னு நின்னப்ப, என் லைன்ல எல்லா வீடும் ஒரே வீடுதான் மெம்பரேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ நான். இன்னைக்கு என் மகளுக்குன்னு ஊரை நெறிச்சா அந்த மெம்பர் மூஞ்சியில எப்படி முழிக்க. அப்புறம் இன்னொண்ணு, அது தேவையும் இல்லை. அதை இவுககிட்டச் சொன்னாப் புரிய மாட்டேங்குது. சுபாவோட பேச்சுக்கு வேணும்கிறது ஒரு நூல் அளவு. வழி அகலமா வேண்டாம், வரிசையில நிக்க வைக்காம விட்டாப் போதும். மேட்ச்சு எம்புட்டுப் பெருசா இருந்தாலும் கொஞ்சம் பிந்தி வந்தா என்ன கெட்டுப்போகுது. இப்பவே பாருங்க, பக்கத்து வீட்டுக்காரன் அவுட்டுன்னு கத்தினதுக்கு அப்புறம்தான் எதிர்வீட்டுக்காரன் கத்துதான். அவனவனுக்கு அவனவன் நேரத்துல விக்கெட் விழுது, யாரும் செத்துப்போகலை. கை பேசுறது பிந்தக் கூடாது. செவ்வாக்கிழமை ராத்திரி சாப்பாட்டுல கை வச்சபடியே இது தோணுச்சு. ஒரு பக்கமா மட்டும் வர்ற படம் வேடிக்கை. ரெண்டு பக்கமும் ஓடுற படம் பேச்சு. அவ்வளவுதான். அது இம்புட்டு நாளா என் மண்டைக்கு எட்டலை, காது கேக்காத பிள்ளையை வீட்டுல வச்சுக்கிட்டே எட்டலை. எந்திரிச்சு வந்து மெஷின்ல மாத்துனேன். என் மகளுக்கு மட்டும் இல்லை, ஊர்ல எவ வீட்டுல இருந்து யாரு முகம் பாத்துப் பேசுனாலும் அது இனிமே எக்ஸ்பிரஸ்ல போகும். வார நாள்ல ஓட்டிப் பாத்தேன், சுத்தமா இருந்தது. ஆனா ஃபைனல் அன்னைக்கு ஓட்டிப் பாக்கலையே. ஓட்டிப் பாக்க எனக்கு எவன் ஒரு ஃபைனலைத் தனியா வச்சுத் தருவான்.

பையன் லைன்ல வந்துட்டான். திரையில எங்க வீட்டு லைனைத் தனியாப் போட்டு வச்சிருக்கேன், ரெண்டு கோடு. நீலம் வீட்டுக்குள்ள வர்றது, ஆரஞ்சு வீட்டுல இருந்து போறது. ரெண்டும் படுத்துக் கிடந்துச்சு, இப்பத் தலையைத் தூக்குது. எக்ஸ்பிரஸ் வரிசையில வண்டி ஓடுது. கீழ போயிப் பாக்கலாமா. கூடாது. கதவைச் சாத்தும்போதே சுபா விரலை ஆட்டிச் சொல்லிட்டா, இந்தத் தடவை எட்டிப் பாத்தேன்னா பாரு. நான் எங்க எட்டிப் பாக்கேன், நான் பாட்டுக்கு மாடியில என் வேலையைப் பாக்கேன். நீலம் ஏறுது, ஆரஞ்சு இறங்குது. நீலம் இன்னமும் ஏறியே நிக்குது. இது என்ன. ஓ. கை ஆடினாப் படம் கனக்கும், ஆடாம இருந்தா லேசாகும். அப்ப நீலம் ஏறினா அவன் பேசுதான். இப்ப நீலம் இறங்கி ஆரஞ்சு ஏறுது, என் மக பதில் சொல்லுதா. அடி ஆத்தி. கதவுல காதை வச்சு ஒட்டுக் கேக்கிற மாதிரில்ல இருக்கு இது. இருந்தாலும் கண்ணை எடுக்க முடியலை. அவன்தான் நெறையப் பேசுதான். சுபா பொட்டுப் பொட்டா ரெண்டு வார்த்தை. ஏட்டி, நீயும் பேசேன், ஊருக்கே வாயாடுவ, இங்க வந்து ஊமைக் கோட்டான் மாதிரி உக்காந்திருக்கியே. பேசுதா. இந்தா ஏறுது ஆரஞ்சு, சரசரன்னு ஏறுது, இறங்கவே மாட்டேங்குது. பிரஸ் முதலாளி கதையைத்தான் சொல்லுதா, எனக்குத் தெரியும், அதுலதான் கை இந்த ஆட்டம் ஆடும். நீலம் திடுதிடுன்னு குதிக்குது. சிரிக்கான். குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாத்தான் படம் அப்படிக் குதிக்கும். எம்மா. எனக்கும் சிரிப்பு வருது, கண்ணு ஏன் கலங்குதுன்னு தெரியலை, ஏசிக் காத்து.

பெரிய லைன் உச்சியைத் தொட்டுருச்சு. கடைசி ஓவருங்க போல. போன் அடிக்குது. ஜவுளிக்கடை அண்ணாச்சி. நெட்டம்மா, என்ன இது, பந்து வெள்ளைப் பூச்சி மாதிரி மங்கலாப் போகுதுங்காரு. அண்ணாச்சி, ஊரே பாக்குதுல்ல, தெளிவு கொஞ்சம் கொறையும், நிக்குதான்னேன். நிக்கலை, ஆனா அந்தப் பந்து போடுற பயலோட தாடிகூடத் தெரியலைங்காரு. தாடியைப் பாத்து என்ன செய்யப் போறீக, ரன்னைப் பாருங்கன்னு வச்சுட்டேன். வச்சுட்டுத் திரும்பிப் பாத்தா ரெண்டு கோடும் கீழ கிடக்கு. நீலமும் படுத்துருச்சு, ஆரஞ்சும் படுத்துருச்சு. போச்சு. இல்ல, இரு. அறுந்திருந்தா கோடு அடியோட போயிருக்கும், இது அடியில ஒரு மயிரிழை ஓடிக்கிட்டு இருக்கு. லைன் இருக்கு. வரிசையில எதுவும் நிக்கலை, படத்தைத் துண்டு போட்டு அனுப்புற பாக்கெட்டு எதுவும் வழியில விழலை, எல்லாம் சுத்தமா இருக்கு. லைன் நல்லா இருக்கு, அப்ப யாரும் பேசலை. ஏன் பேசலை. எந்திரிச்சுப் போயிட்டானா. வெறுஞ் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளா. அந்த இன்னொரு எடத்தைப் பத்திச் சொல்லிட்டானோ. இவ எதையாவது வெடுக்குன்னு சொல்லிட்டாளோ, சொல்லக்கூடியவதான், எங்கிட்ட இருந்து வந்த வாய் அது, கையில வந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். போன வாரமாவது லைனு கோளாறு. லைன் மேல பழியைப் போட்டோம். இன்னைக்கு லைன் நல்லா இருந்தும் பேச்சு நின்னா யார் மேல போட. பேசாமக் கீழ போயிருவோமா. படியில நாலு வச்சு இறங்கினா முன்னறை. போயி என்ன செய்வ வெயிலாட்சி? நின்னுபோன பேச்சை ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுற மாதிரிப் பண்ணுவியா. ரெண்டு கோடும் அப்படியே கிடக்கு. முதுகைக் காட்டிக்கிட்டுச் சீனியை நக்குன பிள்ளை. அன்னைக்கு எத்தனை தடவை கையைத் தட்டிக் கூப்பிட்டிருப்பேன். திரும்பலை. முன்னாடி வந்து நின்னப்புறம்தான் என்னைப் பாத்துச் சிரிச்சா. எல்லாருக்கும் கவலை, அவளுக்குத்தான் எந்தக் கவலையும் இல்லை. இப்பவும் எனக்குத்தான் பயமோ என்னமோ. வழியைப் போட்டுக் குடுத்தாச்சு. அதுல என்ன போகணும் என்ன வரணும்னு நான் சொல்ல முடியுமா. கையை நீட்டித் திரையை ஆஃப் பண்ணிட்டேன். கறுப்பாயிருச்சு, அதுல என் மூஞ்சிதான் தெரியுது, குங்குமம் வேர்வையில வழிஞ்சு கிடக்கு. முந்தானையால துடைச்சுக்கிட்டேன்.

தெருவுல ஒரே கத்தல். ஒரு வீடு கத்துது, அப்புறம் பக்கத்து வீடு, அப்புறம் எதிர்வீடு. வெடி ஒண்ணு. என்னமோ ஆயிருச்சு, ஜெயிச்சமோ தோத்தமோ, தோத்தாலும் இந்தப் பயலுக கத்தத்தான் செய்வானுக. திடீர்னு அறையில லைட் போச்சு. ஐயோ கரண்டா, இன்வெர்ட்டர் என்னாச்சுன்னு எந்திரிக்கேன், வந்துருச்சு. மறுபடி போச்சு, வந்துச்சு. கரண்டு போகலை, படிக்கட்டு சுவிட்சு. எங்க வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுறது அப்படித்தான், ரெண்டு தடவை லைட்டை அணைச்சுப் போட்டா இங்க வான்னு அர்த்தம். சுபா வாசல்ல நிக்கா. மல்லியப்பூ அப்படியே தலையில இருக்கு. அதைத்தான் முதல்ல பாத்தேன். கையில போனு இல்லை. படம் நின்னுச்சான்னு கையைக் காட்டிக் கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டுனா. ஒரு தடவைகூட நிக்கலைம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாரேன்னு சொல்லிட்டார். அவருக்கு நம்ம ஊர் கடலைமிட்டாய் வேணுமாம். விரல் புருவத்துல ஒரு கோடு இழுத்துச்சு, என் முன்னாடியே, ஒளிக்காம. உள்ள வச்சுக்கிட முடியாம, நான் எட்டிப் பாக்கலை, ஆனா நடுவுல கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலையே, சண்டையான்னு கேட்டே விட்டேன். அவளுக்கு மூஞ்சி சிவந்துருச்சு. அது எப்படி உனக்குத் தெரியும்னு முறைச்சா. அப்புறம் இறங்கிப் போகப் போனவ திரும்பி நின்னு கையை மெதுவா ஆட்டிச் சொன்னா: பேசி முடிச்சுட்டோம்மா. வைக்க மனசு வரலை. சும்மா பாத்துக்கிட்டு இருந்தோம்.

போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, ஜவுளிக்கடை அண்ணாச்சிதான். எடுத்தேன். சொல்லுங்க அண்ணாச்சி, மேட்ச்சு என்னாச்சு, ஜெயிச்சமா?